நாலாங்கட்டை

கிள்ளானிலிருந்து கடலை நோக்கிப் போகும் நிலத்தின் வரைபடத்தை முதன்முதலாக என் மேசையில் விரித்தபோது, அதை வரைந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களுடைய தாள்களில் மலையின் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து நெருங்கிக் கிடக்கும். இதில் ஒரு கோடுகூட இல்லை. அத்தனையும் தட்டை நிலம். நீல மையில் வாய்க்கால்கள் நேர்நேராக ஓடின. இடையில் ரப்பருக்கு ஓர் அடையாளம், தென்னைக்கு ஓர் அடையாளம், மறுபடியும் ரப்பர். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன காணும், மொட்டைத் தாள் வைச்சிருக்கிறீர்?" என்று சிரித்தார். படக் கிடங்கில் நானே கேட்டு வாங்கி வந்த தாள் அது. எதற்கென்று அவருக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அப்போது கோலாலம்பூர் சர்வே கந்தோரில், ஆபீஸை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், படம் வரைபவனாக எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் சேவை ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. சீட்டாட்டம் பிடிக்காது. கோயிலுக்குப் போனால் ஊர்க்காரர் பிடித்துக்கொண்டு எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். அதனால் அங்கேயும் கூட்டம் கலைந்த பிறகுதான் போவேன். சனிக்கிழமை மத்தியானம் கந்தோர்க் கதவு சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை என்னோடு பேச ஆள் கிடையாது. அது எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அவன் மலாயாவுக்குக் கப்பலேறியபோது எனக்கு ஐந்து வயது. அவனைப் பற்றி நானே பார்த்து எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று: கிணற்றடியில் என்னைப் பிடித்து நிறுத்திப் பச்சைத் தண்ணீரை அவன் என் தலையில் ஊற்ற, நான் அவன் கையைக் கடித்தேன். அவன் அடிக்கவில்லை. கடித்த இடத்தைப் பார்த்துச் சிரித்தான். மீதியெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு கோப்பித் தோட்டத்தில் அவனுக்குக் கிராணி வேலை கிடைத்தது. காலையில் கூலிகளின் பேர் கூப்பிட்டு, யார் வந்தார் யார் வரவில்லை என்று குறித்துக்கொள்ளும் உத்தியோகம். கோப்பி விலை விழுந்து, செடிகளுக்கு நடுவே ரப்பர் கன்றுகளை ஊன்றத் தொடங்கியிருந்த காலம். ஒன்றரை வருடத்தில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. தோட்டத்து மருந்துக்காரர் நாலு வரியில் ஒரு கடிதம் போட்டார். மழை விடாதபடியால் தகனத்துக்குக் காய்ந்த விறகு கிடைக்கவில்லை. ஆகையால் நாலாங்கட்டையில், தோட்டத்து இடுகாட்டில், வாய்க்கால் கரையோரம் நல்லபடியாக அடக்கம் செய்தோம் என்று இருந்தது.

மைல் கல்லை இந்த நாட்டுத் தமிழர் கட்டை என்பார்கள். தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாது. மூணாங்கட்டை, ஏழாங்கட்டை என்றால் மாட்டு வண்டிக்காரனுக்கும் தெரியும், மளிகைக்காரனுக்கும் தெரியும். அதனால் என் அண்ணனின் கடைசி விலாசம் நாலாங்கட்டை.

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் எரித்த சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைப்போம். முப்பத்தோராம் நாள் அங்கேயே அந்தியேட்டிக் கிரியை நடக்கும். அது முடிந்தால்தான் போனவன் போய்ச் சேர்ந்தான் என்று வீட்டார் மனம் ஆறும். அண்ணனுக்குச் சாம்பல் இல்லை. ஆகவே கிரியையும் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை அவன் கப்பலேறியவன். இன்னும் எங்கேயும் இறங்கவில்லை.

வளர்ந்து எனக்கு இங்கே உத்தியோகம் கிடைத்தபோது அம்மா தடுக்காததற்கு இதுதான் காரணம். அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு வாத்தியாரின் மகள் அம்மா சொல்லச் சொல்ல வாய்மொழியை மாற்றாமல் அப்படியே எழுதுவாள். நான் வந்து சேர்ந்த மாதமே கடிதம் வந்தது. "தம்பி, கொண்ணனைப் போய்ப் பார்த்தனியோ? ஒரு விளக்கு வைச்சனியோ?" அண்ணனைப் பற்றி, உயிரோடு இருக்கிறவனை விசாரிக்கிற மாதிரியே கேட்டிருந்தாள்.

நான் போகவில்லை. அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருந்தேன். அதற்குள் பதில் எழுத வேண்டியிருந்தது. போனேன், விளக்கு வைத்தேன் என்று எழுதிவிட்டேன்.

ஒரு பொய்யை நட்டால் அதற்குத் தண்ணீரும் ஊற்ற வேண்டியிருக்கிறது. இடம் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள். சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள் என்றேன். நிழல் இருக்கிறதா என்றாள்; ஒரு நந்தியாவட்டைச் செடி வைத்தேன் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் செடி சுகமா என்று கேட்டாள். அதைப் பூக்க வைத்தேன். ஒரு வருடம் மாடு கடித்ததாக எழுதி, மறு வருடம் துளிர்க்கவும் வைத்தேன். அப்படியே பத்து வருடம் போயிற்று.

கிள்ளான் ஒன்றும் சீமையில் இல்லை. ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஏன் போகவில்லை என்று இப்போது கேட்டால், சோம்பல் பாதி; மீதியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அது கர்வம். வெள்ளைக் கோட்டும் டையும் கட்டிய கந்தோர்க்காரன் நான். ஒரு தோட்டத்துக் குடியிருப்பான லயத்துக்குள் போய், கூலிக்காரர்களிடம், "என் அண்ணனை எங்கே புதைத்தீர்கள்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோது தினமும் அவர்களோடுதான் நின்றான். செத்த பிறகும் அவர்களோடுதான் கிடந்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருடத்தில் அம்மாவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. "என்ரை கண் பார்வை மங்கிக்கொண்டு போகுது. ஐயரிட்டைக் கேட்டன். சாம்பல் இல்லாட்டில் வைச்ச இடத்து மண் ஒரு பிடி போதுமாம். லீவிலை அங்கையிருந்து வாற எங்கடை ஊர் ஸ்டேசன் மாஸ்டரிட்டைக் குடுத்துவிடு. அதைக் கீரிமலையிலை கரைச்சுப்போட்டுத்தான் மோனை நான் கண்ணை மூடுவன்."

விளக்கை எழுத்தில் ஏற்றலாம், செடியை எழுத்தில் பூக்க வைக்கலாம். மண்ணை எழுதி அனுப்ப முடியாது. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஒரு பிடி அள்ளி அனுப்பினால் யாருக்கும் தெரியாதுதான். அந்த யோசனையும் வந்தது. வந்ததற்கே வெட்கப்பட்டேன். அதனால்தான் அந்த மொட்டைத் தாளைக் கிடங்கிலிருந்து எடுத்தேன்.

அதுவரை நான் எத்தனையோ தாள்களை வரைந்திருந்தேன், ஒன்றையும் வாசித்ததில்லை. சமையற்காரனுக்குப் பசிப்பதில்லை என்பார்களே, அந்தக் கதை. இப்போது கந்தோர் கலைந்த பிறகு அரை மணி நேரம் ஜன்னலோரம் வைத்து வாசித்தேன். ஓர் அங்குலம் ஒரு மைல். சிறு சிறு கறுப்புக் கட்டங்கள் வரிசையாக நின்றால் அது கூலி லயம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கோயில் அடையாளம். தோட்டத்துப் பாதை ஓர் இடத்தில் காரணமில்லாமல் வளைந்தால், முன்பு அங்கே வளைந்துபோக வேண்டிய ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. எல்லா வாய்க்காலும் மேற்கே போகையில் ஒன்று மட்டும் குறுக்கே போனால், அது வேறு துரை வேறு காலத்தில் வெட்டியது. மலையில்லாத ஊரில் மனிதர் செய்ததைத் தவிர வரைய ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் கதை எழுதி வைக்காத அந்த இடத்துக்கு இந்தத் தாள் ஒன்றுதான் சரித்திரம்.

சடக்கின், அதாவது பெரிய ரோட்டின், ஓரமாகக் கட்டைகளுக்கு எண் போட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலாம் எண்ணுக்குத் தெற்கே கால் அங்குலத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்கால் கரையில் ஓர் இடுகாட்டு அடையாளம். மருந்துக்காரரின் கடிதத்தில் இருந்த மூன்றும் அங்கே இருந்தன. அந்த அடையாளத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இங்கேதான் இருக்கிறாயா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கந்தோரில் அப்போது யாரும் இல்லை.

அந்த ஞாயிறே புறப்பட்டேன். கிள்ளானில் இறங்கி ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். சடக்கில் பாதி லயங்கள் பூட்டிக் கிடந்தன. பால் வெட்டு நின்றுபோன மரங்களில் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாலாங்கட்டைக் கல்லைக் கண்டதும் இறங்கி, வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டினேன். தாளில் இருந்தது தரையிலும் இருந்தது. புல்லுக்குள் மேடுகள். மேடுகள் சிறியவையாக இருந்தன. மழை கரைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வயது இருக்கக்கூடிய ஒரு பெண் அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "யாரைத் தேடுறீங்க ஐயா?" என்றாள்.

கேட்டாளே ஒரு கேள்வி. பத்து வருடமாக நான் கேட்கப் பயந்ததை அவளே கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நான், "சர்வே வேலை" என்றேன்.

நான் வாய்க்கால் ஓரமாகக் குந்தி, கொண்டுபோன பிஸ்கட் டின்னில் ஒரு பிடி மண் அள்ளி மூடினேன். சூடமோ விளக்கோ ஏற்றவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசாங்க உத்தியோகத்தன் ஒரு பெண்ணின் கண்ணெதிரே மண்ணைக் கும்பிடுவதா? சைக்கிளில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் அரிவாளோடு அதே இடத்தில் நின்றாள்.

ஸ்டேசன் மாஸ்டர் டின்னைக் கொண்டுபோனார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஐயரை வைத்து, அண்ணனின் பேர், நட்சத்திரம் சொல்லி, முறைப்படி அந்தியேட்டி முடித்துக் கடலில் கரைத்தார்களாம். "மண்ணைக் கையிலை எடுத்தவுடனை என்ரை பிள்ளையெண்டு தெரிஞ்சு போச்சு தம்பி. மூக்கிலை வைச்சுப் பார்த்தன். அவன்ரை வாசம். முப்பது வரியத்துக்குப் பிறகு நேற்றுத்தான் விடியுமட்டும் நித்திரை கொண்டன்."

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சில மாதங்கள் எனக்கு நன்றாக இருந்தது. கோயிலுக்குக் கூட்டம் இருக்கும்போதே போனேன். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களுக்குச் சிரித்துப் பதில் சொன்னேன். லீவு போட்டு ஊருக்குப் போய், அம்மா முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நாள் எண்ணத் தொடங்கினேன்.

அப்போதுதான் கிள்ளான் தாளைத் திருத்தி மறுபடி அச்சிடும் வேலை எங்கள் பகுதிக்கு வந்தது. புதிய அளவுகளோடு, ஒத்துப்பார்க்க அந்தப் பக்கத்துப் பழைய படங்களையும் ஒரு கட்டாகக் கட்டி என் மேசையில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று கோப்பிக் காலத்துப் படம். துணியில் ஒட்டி, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. எனக்கு ஆசையாக இருந்தது. அண்ணன் நடந்த பாதை, அண்ணன் பேர் கூப்பிட்ட லயம், எல்லாம் இதில் இருக்கும். வேலையை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் பிரித்தேன்.

லயம் இருந்தது. கோப்பி என்று எழுதியிருந்தது. இடுகாடும் இருந்தது. அதன் பக்கத்தில் நாலாங்கட்டை.

ஆனால் அது நான் போன இடம் இல்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, ஆற்று வளைவை ஆற்று வளைவோடு பொருத்தி டிவைடரால் அளந்தேன். பழைய படத்தின் நாலாங்கட்டை நின்ற இடத்தில் புதிய தாளில் மூன்று என்று இருந்தது. மறுபடி அளந்தேன். மூன்றாம் தரமும் அளந்தேன். பிறகு கட்டை ஒன்றிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். பழைய காலத்தில் ஆற்றங்கரைப் படகுத்துறையிலிருந்து மைல் எண்ணியிருந்தார்கள். ரயில் வந்து பட்டணம் நகர்ந்த பிறகு, தோட்டத்துப் பக்கமாக ஒரு மைல் தள்ளிப் புதிய இடத்திலிருந்து எண்ணிக் கற்களைப் பிடுங்கி நட்டிருக்கிறார்கள். அண்ணன் செத்தது பழைய எண்ணிக்கையில். நான் தேடிப் போனது புதிய எண்ணிக்கையில். நான் மண் அள்ளிய இடம் கோப்பிக் காலத்துப் படத்தில் வெறும் காடு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சின்ன வகுப்பில் படித்தது. அதை வரைந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. சடக்கு என்றால் கல் நகரும், வரைபடம் வரைகிறவன் அதை முதலில் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அன்று மாலை வரை டிவைடரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் சுகமில்லையா என்று கேட்டார். தலையிடி என்றேன்.

மறு ஞாயிறு மறுபடி கிள்ளான். நேரே மூன்றாவது கல்லுக்குத்தான் போயிருக்க வேண்டும். கால் கேட்கவில்லை. அதைத் தாண்டி நான் மண் எடுத்த இடத்துக்கே போனேன். யாருடைய மண்ணை எடுத்தேன் என்று தெரியாமல் என்னால் திரும்ப முடியாது போலிருந்தது. அந்தப் பெண் அங்கே இருந்தாள். புல் கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"அன்னிக்கு டின்னுல மண்ணு அள்ளிட்டுப் போன ஐயாதானே நீங்க?"

ஆமாம் என்றேன்.

"சர்வேக்கு எதுக்குங்க அந்த மண்ணு?"

இந்தத் தரம் சொல்லிவிட்டேன். அண்ணன், காய்ச்சல், நாலாங்கட்டை, அம்மா, கீரிமலை, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். பத்து வருடமாக யாரிடமும் சொல்லாததை, பேர் தெரியாத ஒருத்தியிடம் வாய்க்கால் கரையில் கொட்டினேன்.

"இது புதுக் கட்டைங்க ஐயா. நான் இங்கயே பொறந்தவ. நாங்க இன்னும் பழைய கட்டையத்தான் சொல்லுவோம். பெரியவங்கள வெச்ச எடம் அந்தாண்ட இருக்கு. இது கைப்புள்ளைங்க எடம். காய்ச்சல்ல போனதுங்க, பொறந்த சூட்டோட போனதுங்க. வேற யாரையும் இங்க வெக்கிறதில்ல."

மேடுகள் ஏன் சிறியவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் மூத்தது இங்கதான் கெடக்கு," என்றாள். "நீங்க குந்தியிருந்த எடத்துலேருந்து ரெண்டு எட்டு. அந்த எடமேதானோ என்னமோ. அடையாளத்துக்கு வெச்ச கல்லு வாய்க்கா வெட்டுறப்பவே போயிருச்சு." என் கைகளைப் பார்த்தாள். "அந்த மண்ணு இப்ப எங்கங்க?"

"எங்கடை ஊர்க் கடலிலை கரைச்சுப்போட்டினம். ஐயரை வைச்சு, முறைப்படி."

"யாரு பேரைச் சொல்லி?"

"அண்ணன்ரை பேரை."

அவள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னோடது பொட்டப் புள்ளைங்க," என்றாள்.

மன்னிக்க வேண்டும் என்று ஏதோ முனகினேன். அவள் அழுதிருந்தால், ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் இரண்டும் செய்யவில்லை.

"கேட்டுட்டு எடுத்திருக்கலாமேங்க," என்றாள். "நான்தான் வாயைத் தொறந்து கேட்டேனே, யாரைத் தேடுறீங்கன்னு. சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேன்ல."

பிறகு புல் கட்டை அங்கேயே விட்டுவிட்டு அரிவாளோடு முன்னால் நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு மைல் தூரம் நடந்தோம். மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் சடக்கை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்குள் நுழைந்து ஓர் இடத்தில் நின்றாள்.

"இங்கதான்னு எங்கப்பா சொல்லுவாரு. கோப்பிக் காலத்துல இங்கதான் வெச்சாங்களாம். அப்புறம் தொரை மேலயே மரம் நட்டுட்டாரு."

மேடு இல்லை. கல் இல்லை. நேர் வரிசையில் மரங்கள். ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்துக்கு வெட்டுக் காயம். எந்த மரத்தடி என்று அவளுக்கும் தெரியவில்லை. போய்வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு அவள் போனாள். நான் இருந்தேன்.

அண்ணனிடம் பேச வேண்டும் என்று வந்தவன் நான். அவனோடு பேச எனக்கு என்ன இருந்தது? ஐந்து வயதில் ஒரு தரம் கையைக் கடித்த பழக்கம்தான். உனக்குரிய கிரியையை நான் வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அவனுக்குப் புரியுமா, கோபம் வருமா, சிரிப்பானா, எதுவும் எனக்குத் தெரியாது. அவன் குரல்கூட எனக்குத் தெரியாது. கொசு பிடுங்கியது. சருகைக் கிளறி ஒரு பிடி மண் எடுத்தேன். அதை அனுப்ப வேண்டுமென்றால் அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். உன் பிள்ளையின் வாசம் என்று நீ முகர்ந்தது உன் பிள்ளை இல்லை என்று அந்த வாத்தியார் மகளை வாசிக்கச் சொல்ல வேண்டும். மண்ணைத் திரும்ப அங்கேயே போட்டேன்.

என்னால் முடிந்த ஒன்றைச் செய்து பார்த்தேன். புதிய தாளை மையில் வரையும்போது, மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில், ரப்பர் அடையாளங்களுக்கு நடுவே, ஓர் இடுகாட்டு அடையாளத்தை மெல்லியதாகப் போட்டேன். சரிபார்க்கிற அதிகாரி நீலப் பென்சிலால் அதைச் சுழித்து, என்னைக் கூப்பிட்டார். தரையில் இல்லாததைத் தாளில் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். சவரக் கத்தியின் நுனியால் நானே சுரண்டி எடுத்தேன்.

இதற்கிடையில் அம்மா கூப்பிடத் தொடங்கியிருந்தாள். "கொண்ணன்ரை அலுவல் முடிஞ்சுது. இனி நீ வந்து ஒருக்கா முகத்தைக் காட்டு. கண் முழுக்க மறைக்க முன்னம் வா." லீவு எனக்கு இருந்தது. கப்பல் டிக்கெட்டும் கந்தோர் தரும். நாள் குறித்து விண்ணப்பமும் எழுதினேன். கொடுக்கவில்லை.

அவள் முன்னால் நான் எப்படி உட்காருவேன்? கடிதத்தில் பொய் சொல்ல எனக்குக் கை பழகியிருந்தது. நேரே இருந்து, அந்த வேலி எவ்வளவு உயரம், நந்தியாவட்டை எந்தப் பக்கம் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கண் தெரியாதவளுக்குக் காது கூர்மை. அவள் முப்பது வருடம் கழித்துத் தூங்கிய தூக்கத்தை நானே போய்க் கலைக்க வேண்டுமா? அந்த வருடம் வேலை அதிகம் என்று எழுதினேன். அடுத்த வருடம் ஆட்குறைப்பு, லீவில் போனால் உத்தியோகம் போய்விடும் என்றேன். அதற்கடுத்த வருடம் எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். எழுதிய பிறகுதான், எந்த நோயின் பேரை எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. அந்தக் கடிதத்துக்கு அம்மா தந்தி அடித்தாள். வாழ்நாளில் அவள் அடித்த ஒரே தந்தி அதுதான். சுகம் என்று நானும் தந்தி கொடுத்தேன். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில தரம் கிள்ளானுக்குப் போய் அந்த மரங்களுக்குள் உட்கார்ந்துவிட்டு வருவேன். திரும்பும் வழியில் புல் அறுக்கிற இடத்தைப் பார்ப்பேன். இரண்டாவது வருடம் அந்த லயத்தையும் மூடி ஆட்களை அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் எங்கே போனாள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

நாலாவது வருடம் மாசி மாதத்தில் வாத்தியார் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தத் தரம் அவள் தன் சொந்த வார்த்தையில் எழுதியிருந்தாள். அம்மா போய்ப் பத்து நாளாகிவிட்டது. தந்தி கொடுத்தும் உங்களிடமிருந்து பதில் இல்லை, முகவரி தவறியிருக்க வேண்டும். கொள்ளி வைக்க நீங்கள் இல்லாதபடியால் சித்தப்பா மகன் வைத்தான். சாம்பல் கீரிமலையில் கரைத்தாயிற்று. கடைசி ஒரு கிழமை நல்ல நினைவோடு இருந்தாளாம். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாளாம். அதை மட்டும் பழையபடி அம்மாவின் வாய்மொழியிலேயே எழுதியிருந்தாள்: "மூத்தவன் என்னட்டை வந்து சேர்ந்திட்டான். எனக்கு அவனிலை ஒரு கவலையும் இல்லை. இளையவன்தான் பாவம், அங்கை தனிச்சுப் போனான்."